மேல் தீ

மற்ற கேக்குக்கெல்லாம் அடியில் தீ. எங்கள் வீட்டுத் தீபாவளி கேக்குக்குத் தலையில் தீ. ஓர் அகப்பை மாவை டின்னில் ஊற்றிப் பரப்பி, மூடிமேல் தணலைக் கொட்டி, மாவு பொன்னிறமானதும் மூடியைத் தூக்கி அதன்மேல் அடுத்த அகப்பை. இப்படி 18 முறை. இரண்டரை மணி நேரம் அடுப்படியை விட்டு நகர முடியாது. நகர்ந்தால் அந்த அடுக்கு தீய்ந்துவிடும். தீய்ந்தது அப்போது தெரியாது. அடுத்த அகப்பை அதை மூடிவிடும். தீபாவளியன்று வெட்டும்போதுதான் கறுப்புக் கோடாக நின்று காட்டிக்கொடுக்கும். பாட்டி ஒரு துண்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கீழிருந்து விரல் வைத்து எண்ணுவார். “ஒம்பதாவதுல யாரோ வாசலுக்குப் போயிருக்கீங்க.” போயிருப்போம். தபால்காரர் வந்திருப்பார்.

நான் கோயம்புத்தூருக்கு வந்து 30 வருஷத்துக்கு மேல் ஆகிறது. இங்கே தீபாவளிப் பலகாரத்துக்கு ஒரு குறையும் இல்லை. வாயில் வைத்ததும் கரைகிற மைசூர்பாகு, தேன்குழல், அதிரசம், கடைசியில் ஓர் உருண்டை லேகியம். எல்லாம் பிடிக்கும், எல்லாம் தின்கிறேன். ஆனாலும் ஐப்பசி மழை விட்ட ஒரு மத்தியானத்தில், தெருமுனை இஸ்திரி வண்டியிலிருந்து கொட்டாங்கச்சிக் கரியின் வாசம் மாடி வரைக்கும் ஏறி வந்தால், நாக்கு தேடுவது வேறொன்றை.

அதன் பெயர் லாப்பிஸ். மலாயில் லாப்பிஸ் என்றால் அடுக்கு. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து, சிவப்பும் வெள்ளையுமாக ஆவியில் அவிக்கிற குவே லாப்பிஸ் வேறு. அது மலேசியாவில் காலைக் கடைகளில் சில்லறைக்குக் கிடைக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒவ்வோர் அடுக்காக உரித்து, நாக்கில் தொங்கவிட்டுத் தின்பார்கள். நான் சொல்வது பணக்கார லாப்பிஸ். 8 அங்குலச் சதுர டின் ஒன்றுக்கு 30 மஞ்சள் கரு, அரைக் கிலோ வெண்ணெய், 300 கிராம் சர்க்கரை, கொஞ்சம் கெட்டிப்பால். மாவு என்று பார்த்தால் 150 கிராம்தான். “இதுல கேக்கு எங்கடி இருக்கு? வெறும் வெண்ணெயை அடுக்கி வச்சிருக்கா” என்பது பாட்டியின் முதல் விமரிசனம். அதைச் சொன்னபோது அவர் கையில் இருந்தது மூன்றாவது துண்டு என்று அம்மா சொல்வார்.

மலேசியாவில், சிலாங்கூரின் தென்கோடியில், சிப்பாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் அப்பா கிராணி, அதாவது குமாஸ்தா. 1970களின் கடைசி. ரப்பர் பால்மரத்தைச் சாய்த்துவிட்டுச் செம்பனை நட்டுக்கொண்டிருந்த காலம். கிராணி வீடு தொழிலாளர் லயத்தைவிட்டுத் தள்ளி, தோட்டத்து எல்லையில் இருந்தது. எல்லையில் ஒரு வாய்க்கால். வாய்க்காலின்மேல் இரண்டு தென்னந்துண்டுகளைப் போட்டு ஒரு பாலம். அந்தப் பக்கம் ஜாவாக்காரர்களின் கம்பம், அதாவது கிராமம். பாலத்தை ஒட்டிய முதல் வீட்டில் இருந்தவரை நாங்கள் மக்சிக் என்போம். அத்தை, சித்தி எல்லாவற்றுக்கும் மலாயில் அந்த ஒரு சொல் போதும். அவருடைய தாத்தா ஜாவாவிலிருந்து வந்து, சதுப்பில் வாய்க்கால் வெட்டி நிலம் காயவைத்துக் குடியேறியவர். என் பாட்டி சேலத்துப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு ரஜுலா கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர். இரண்டு கிழவிகளும்—மக்சிக் அப்போது கிழவியில்லை, எனக்கு அப்படித் தோன்றியது—பாலத்தின் நடுவில் நின்று பேசுவார்கள். பாட்டிக்கு மலாய் 50 சொல் தெரியும். மக்சிக்குக்குத் தமிழ் மூன்று: பாட்டி, தங்காச்சி, சாப்பாடு.

தங்காச்சி என்றால் என் அம்மா.

மக்சிக் நோன்புப் பெருநாளுக்கு ஆர்டர் எடுத்து லாப்பிஸ் சுடுவார். பந்திங் டவுனில் இருக்கிற அரசாங்க உத்தியோகஸ்தர் வீடுகளிலிருந்து சொல்லி வைப்பார்கள். பெருநாள் கேக்கை நோன்பு மாதத்தில்தானே சுட்டாக வேண்டும்? விடிவதற்கு முன்னால் சாப்பிட்டு முடித்தால், அந்தி சாயும்வரை ஒரு சொட்டுத் தண்ணீர் தொண்டையில் இறங்காது. மசாலா தூக்கலா, சர்க்கரை போதுமா என்று மாவை நாக்கில் வைத்துப் பார்க்க அவருக்கு மனம் ஒப்பவில்லை. வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நோன்பில்லாத நாக்கு ஒன்று இருந்தது. “தங்காச்சி!” என்று குரல் வரும். அம்மா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு பாலத்தில் ஓடுவார். சுட்டுவிரலால் ஒரு தொடு. பிறகு இரண்டு தீர்ப்பில் ஒன்று: சுக்குப், போதும்; குராங், குறைவு. பசியோடு இருப்பவர் எதிரில் வாயைச் சப்புக்கொட்டக்கூடாது என்று வாசலுக்குப் போய்த்தான் விழுங்குவாராம். மூன்று நோன்பு மாதம் இப்படி விரல் நக்கியே அம்மா அந்தக் கேக்கைக் கற்றுக்கொண்டார். எழுதி வைத்த அளவு எதுவும் கிடையாது. பின்னாளில் நான் கேட்டு எழுதிய குறிப்பில்கூட, மசாலாவுக்கு நேரே, “மூக்குக்கு எட்டும்வரை” என்றுதான் இருக்கிறது.

அப்புறம் ஒரு தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது மக்சிக் பாலத்தைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் பாத்தேக் துணியில் கட்டிய ஒரு புது டின். அலுமினியம், சதுரம், தட்டையான கனத்த மூடி. “இதில் இது மட்டும்” என்றார். வேறு எதையும் இதில் சமைக்காதே, அப்போதுதான் உங்கள் பெருநாளன்று நான் உன் வீட்டில் உட்கார்ந்து தின்னமுடியும் என்பது அதன் பொருள். பாட்டிக்கு அந்த ஏற்பாடு ரொம்பப் பிடித்துவிட்டது. அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரமாயிற்றே, அதில் என்னென்ன வெந்ததோ என்று அவருக்கும் ஒரு கவலை இருந்திருக்கும். புது டின்னில் அது தீர்ந்தது. மக்சிக் மனதில் இருந்தது பன்றி, பாட்டி மனதில் இருந்தது மாடு. இரண்டு பேரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. டின்னை வாங்கிச் சாமி அலமாரிக்குக் கீழ்த்தட்டில் வைத்தார் பாட்டி.

சுடுகிற நாள், தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால். சீனக்கடைத் தவுக்கேயிடம் ஒரு பாப்பான் முட்டை—ஒரு பலகை, 30—சொல்லி வைத்து வாங்குவோம். நியூசிலாந்து டின் வெண்ணெய் இரண்டு. வெண்ணெய் வெளுத்து, கையை எடுத்தால் கூம்பாக நிற்கும்வரை அப்பா அடிப்பார். பிடிக்கு அடியில் ஸ்பிரிங் சுருள் வைத்த ஒரு முட்டையடிப்பான், அதை அழுத்த அழுத்தக் கிறீச் கிறீச் என்று நாயைக் குலைக்கவைக்கும். மஞ்சள் கருவை அம்மா சர்க்கரையோடு தனியாக அடிப்பார். வெள்ளைக்கருவில் ஐந்தாறை மட்டும் நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்த்துக்கொள்வார். மீதி 25 வெள்ளைக்கரு குண்டானில் கண்ணாடிபோல் கிடக்கும். அதை அன்றைக்கே நெத்திலி போட்டு வறுத்து, வெங்காயம் போட்டுக் கிண்டி, ரொட்டிக்குள் வைத்து, ரசத்தில் ஊற்றி—ஒரு நாள் முழுக்க வீட்டில் எது தின்றாலும் வெள்ளை. “மஞ்சளெல்லாம் எங்கடா போச்சு?” என்று அப்பா எங்களைக் கேட்பார். வருஷா வருஷம் அதே கேள்வி. நாங்களும் முதல் தடவை கேட்பதுபோல் சிரிப்போம்.

என் வேலை ஊசி. தக்கையில் குத்திய ஒரு தையல் ஊசி. மூடியைத் திறந்ததும் வெந்த அடுக்கின்மேல் குமிழ் எழும்பி நிற்கும். அதைக் குத்திக் காற்றை இறக்க வேண்டும். குத்திய பிறகு அம்மா எவர்சில்வர் டம்ளரின் அடியால் மெல்ல அழுத்தி மட்டமாக்குவார். குமிழை விட்டுவிட்டால் அடுத்த அடுக்கு அதன்மேல் ஒட்டாது. வெட்டும்போது புத்தகம் பிரிவதுபோல் பிரிந்துவிடும். மூடி திறந்திருக்கிற சில நொடிக்குள் வேலை முடியவேண்டும். டின்னுக்குள் குனிந்தால் முகத்தில் அடிக்கிற வெக்கையில் பட்டை, கிராம்பு, ஏலம், ஜாதிக்காய், அன்னாசிப்பூ, வெண்ணெய் எல்லாம் ஒரே மூச்சாக வரும். கண் எரியும். புருவம் பொசுங்குவதாக அண்ணன் சொல்வான். அவன் வேலை கொட்டாங்கச்சிக் கரியை விசிறிக் கனிய வைத்து, முறத்தகட்டில் அள்ளி மூடிமேல் பரப்புவது. தணல் நடுவில் குவிந்தால் நடு தீயும், ஓரம் வேகாது. மூடியின் நாலு ஓரத்துக்கும் தள்ளிவிட்டு நடுவில் சும்மா தூவினாற்போல் இருக்கவேண்டும். இதைச் சொல்லிக்கொடுத்தது மக்சிக். பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, “சாபார், சாபார்” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். பொறு, பொறு. அப்புறம் அவரே பொறுக்காமல் எழுந்து மூடியைத் தூக்கிப் பார்ப்பார்.

பின்னால் தவணையில் ஒரு மின்சார அடுப்பு வந்தது. மேல் கம்பி மட்டும் எரிகிறாற்போல் திருப்பிக்கொள்ளலாம். ஓர் அடுக்குக்கு ஐந்து நிமிஷம். சீராக வெந்தது, கறுப்புக் கோடு குறைந்தது. பாட்டிக்குப் படிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று.

வெட்டுவது தீபாவளிக் காலையில். நாலு பக்கமும் ஓரத்தைச் சீவினால்தான் அடுக்கு தெரியும். அந்த ஓரம் முழுக்கப் பிள்ளைகளுக்கு. எனக்கு இன்றைக்கும் லாப்பிஸின் நடுத்துண்டைவிட அந்த ஓரம்தான் கேக். முறுகலாக, வெண்ணெய் கக்கிக்கொண்டு, கொஞ்சம் கருகல் கசப்போடு. விருந்தாளிக்கு விரல் கனத்தில் ஒரு துண்டு. அதற்குமேல் கொடுத்தால் திகட்டிவிடும், தட்டும் காலியாகிவிடும். வீடு திறந்தே கிடக்கும். கம்பத்து ஆட்கள், தவுக்கே வீட்டார், லயத்துச் சனம், பள்ளிக்கூட வாத்தியார். மக்சிக் நல்ல பாஜு கூரோங் உடுத்தி முன்வாசல் வழியாக, விருந்தாளியாக வருவார். அன்றைக்கு மட்டும் பின்கதவு கிடையாது. தான் பக்கத்தில் இருந்து சுடவைத்த கேக்கை யாரோ சுட்டதுபோல் தின்று, “செடாப்” என்று ருசியை மெச்சுவார்.

பாட்டி விரதக்காரி. தீபாவளியன்று ஒன்றோ இரண்டோ துண்டோடு சரி. மறுநாள் சஷ்டிக்குக் காப்புக் கட்டிவிடுவார். ஆறு நாளும் பாலும் பழமும். முட்டை கலந்த பண்டத்தின் காற்றுகூடப் படக்கூடாது. அதனால் காலையிலேயே சரியாக நடுவிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வெண்ணெய்த்தாளில் சுற்றி, மைலோ டின்னில் வைத்து, பரணில் ஏற்றிவிடுவார் அம்மா. எங்களுக்கு எட்டாத உயரம். மற்ற துண்டெல்லாம் இரண்டு நாளில் தீர்ந்துபோகும். அது மட்டும் அங்கே இருக்கும். சூரசம்ஹாரம் முடிந்து மறுநாள் குளித்துவிட்டு வந்து பாட்டி அந்த டின்னைத் திறப்பார். பரணில் ஏழு நாள் இருந்த லாப்பிஸ், முதல் நாள் லாப்பிஸ் இல்லை. வெண்ணெய் உள்ளே இறங்கி, மசாலாவின் காரம் அடங்கி, எல்லாம் ஒன்றோடொன்று சமாதானம் பேசி முடித்திருக்கும். நாங்கள் சுற்றி உட்கார்ந்திருப்போம். பாட்டி ஒவ்வோர் அடுக்காக உரித்து எங்கள் கையில் ஆளுக்கொன்று வைப்பார். பதினெட்டில் பன்னிரண்டு எங்களுக்குப் போய்விடும். விரதம் இருந்தவருக்கு ஆறு.

இந்தக் கேக்கின் இன்னொரு பெயர் ஸ்பெக்குக் என்பது எனக்குக் கல்யாணமான பிறகுதான் தெரியும். மக்சிக் மசாலாப் பொட்டலத்தை அந்தப் பெயரால்தான் குறிப்பிடுவார். ஜாவாச் சொல் என்று நினைத்திருந்தேன். டச்சுச் சொல்லாம். டச்சுக்காரர்கள் ஜாவாவை ஆண்டபோது, அவர்கள் ஊர் அடுப்பும் வெண்ணெயும் கிழக்குத் தீவுகளின் மசாலாவும் சேர்ந்து உண்டான பண்டம். வெள்ளையும் பழுப்புமாக வரி வரியாகத் தெரிவதால், பன்றிக் கொழுப்பின் வரியை நினைத்து அந்தப் பெயர் வைத்துவிட்டார்கள். “ஸ்பெக் என்றால் பன்றிக்கொழுப்பு, குக் என்றால் கேக்” என்று என் வீட்டுக்காரர் எங்கேயோ படித்துவிட்டு வந்து சொன்னபோது, எனக்குச் சிரிப்பதா பதறுவதா என்று புரியவில்லை. புது டின் வாங்கி, வேறெதுவும் அதில் வேகக்கூடாது என்று சத்தியம் வாங்கிய மக்சிக் வாழ்நாள் முழுக்க அந்தச் சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரிடம் இதைச் சொல்லவே இல்லை.

வீட்டுக்காரர் நூற்பாலைக்காரர், எதைப் பேசினாலும் கடைசியில் துணியில் கொண்டுவந்து முடிப்பார். அன்றைக்கும் முடித்தார். ஜாதிக்காய் அந்தக் காலத்தில் பண்டா தீவுகளில் மட்டும் விளைந்தது. டச்சுக் கம்பெனி 1621இல் அந்தத் தீவுகளைப் பிடித்து, அங்கிருந்த சனத்தைக் கிட்டத்தட்ட அழித்தே விட்டது. அதற்கும் முன்னாலிருந்தே அந்தப் பக்கத்துச் சந்தைகளில் வெள்ளிக்காசைவிடச் செல்லுபடியான பண்டம் சோழமண்டலக் கரைத் துணி. மசாலா வாங்கத் துணி வேண்டும், துணிக்குப் பழவேற்காடு வேண்டும் என்றுதான் டச்சுக்காரர்கள் 1610 வாக்கில் பழவேற்காட்டில் கடை போட்டதே. “எங்க ஊரு நெசவாளி நெஞ்ச துணியைக் குடுத்துத்தான் உங்க கேக்குக்கு ஜாதிக்காய் வாங்கியிருக்கான். பாக்கி இருக்குது, எடு ஒரு துண்டு.” நல்ல வாதம்தான். கோவைக்கும் பழவேற்காட்டுக்கும் எவ்வளவு தூரம் என்று நான் கேட்கவில்லை.

தோட்டம் இப்போது இல்லை. 1990களில் அந்த வட்டாரத்துத் தோட்டங்களை எடுத்துத்தான் கோலாலம்பூரின் புது விமான நிலையம் கட்டினார்கள், 1998இல் திறந்தார்கள். நான் அதற்குள் இங்கே படிக்க வந்து, கூடப் படித்தவரைக் கட்டிக்கொண்டு, இங்கேயே தங்கிவிட்டேன். எங்கள் வீடு இருந்த இடத்தில் ஓடுதளம் என்பான் அண்ணன். வண்டி நிறுத்துகிற இடம் என்பார் அண்ணி. எப்படியோ, சொந்த ஊரை மிதிக்க எனக்கு விமான நிலையத்தைவிட்டு வெளியே போகவேண்டியதே இல்லை. கம்பத்துச் சனமும் கலைந்துவிட்டது. மக்சிக் மகன் வீட்டோடு போனார். கடைசியாக அவரைப் பார்த்தது என் கல்யாண விருந்தில். கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, “டின் எடுத்துப் போகிறாயா?” என்றார். அம்மாவுக்கு இருக்கட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

அண்ணி இப்போது சரவாக் லாப்பிஸ் வாங்கிவிடுகிறார். அது இன்னும் பெரிய கலை. கூச்சிங்கில், ஆற்றங்கரையிலிருந்து படகேறி எதிர்க்கரைக் கம்பத்துக்குப் போனால் வீட்டுக்கு வீடு கேக் கடை. 2010இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டார்கள். பச்சை, ஊதா, சிவப்பு அடுக்குகளை வெட்டித் திருப்பி ஒட்டி, வெட்டினால் உள்ளே நட்சத்திரமும் பாய்ப்பின்னலும் தெரிகிறாற்போல் செய்கிறார்கள். அண்ணி ஒருமுறை கொடுத்தனுப்பினார். தட்டில் வைத்துப் பார்க்க ரத்தினக்கம்பளம்போல் இருந்தது. வாயில் வைத்தாலும் கொஞ்சம் அப்படித்தான் இருந்தது என்று சொன்னால் அண்ணிக்குக் கோபம் வரும்.

இங்கே நான் முதலில் சுட்டுப் பார்த்தது 2012 தீபாவளிக்கு. அந்த வருஷத்து மின்வெட்டு கோவைக்காரர்கள் யாருக்கும் மறந்திருக்காது. ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் இருட்டு. மகள் ஆசைப்பட்டாள் என்று ஒரு சின்ன மின்சார அடுப்பு வாங்கியிருந்தோம். மேல் கம்பி தனியாக எரிகிற வகை. ஜாதிக்காய்க்குப் பஞ்சமில்லை. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு ஊடாக ஜாதிக்காய் போடுகிறார்கள். மாமியாரின் தங்கை வீட்டுத் தோப்பிலிருந்து பத்திரியோடு ஒரு பை வந்திருந்தது.

“ஏங் கண்ணு, தீவாளியும் அதுவுமா முப்பது முட்டையா?” என்றார் அத்தை. மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். கறி, முட்டை எல்லாம் தின்கிற வீடுதான். ஆனால் பண்டிகைப் பலகாரத்தில் முட்டை என்பது அவருக்கு ஏதோ கோயிலுக்குள் செருப்போடு நுழைவதுபோல. அடுப்படி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். உதவிக்கு இல்லை. வேடிக்கைக்கு.

ஆறாவது அடுக்கை ஊற்றிவிட்டு நிமிர்ந்தேன். கரண்ட் போயிற்று.

டின்னுக்குள் பச்சை மாவு. கிண்ணத்தில் இன்னும் 12 அகப்பை. நுரைத்த முட்டை எவ்வளவு நேரம் நிற்கும்? கைப்பேசியை எடுத்து அம்மாவைக் கூப்பிட்டேன். அங்கே மணி இரண்டரை மணி நேரம் முன்னால். அம்மா சாப்பிட்டு முடித்துப் படுக்கப் போயிருந்தார். “மேல் தீ இல்லம்மா” என்றேன். ஏதோ வீடே இடிந்ததுபோல் என் குரல் இருந்திருக்கவேண்டும். அம்மா சிரித்தார். “உங்க ஊர்ல கரி இல்லையா லா?”

அத்தை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எழுந்தார். பழைய இட்லிக் கொப்பரை மூடி ஒன்றை எடுத்து என் டின்மேல் வைத்துப் பார்த்தார். குவிந்த மூடி, தணல் நிற்காது. தோசைக்கல்லைக் கவிழ்க்காமல் அப்படியே தூக்கி வைத்தார். பொருந்திற்று. அப்புறம் சாம்பிராணிக் கரண்டியை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். மாடியிலிருந்து பார்த்தேன். இருட்டத் தொடங்கிய தெருவில், தீபாவளித் துணிக்கு மூட்டை மூட்டையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த வண்டிக்காரரிடம் நின்று ஏதோ பேசினார். அவர் பித்தளைப் பெட்டியின் மூடியைத் திறந்து, கனிந்த கொட்டாங்கச்சித் தணலை இடுக்கியால் எடுத்துக் கரண்டியில் வைத்தார். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு அத்தை தெரு நடுவே தீயை ஏந்திக்கொண்டு வந்தார். அவருக்கு அப்போது 70 வயது. அன்றைக்கு ஐந்து தடவை அந்தப் படியை ஏறி இறங்கினார்.

“ஓரத்துக்குத் தள்ளு, ஓரத்துக்கு” என்று தொலைபேசி கத்திற்று. “நடுவுல குமிக்காதேன்னு உங்க மாமியாட்டச் சொல்லு.”

“சொல்லோணுமாக்கும்” என்றார் அத்தை. “நாங்க பணியாரமே சுட்டதில்லையா?”

ஊசியை எடுத்து, மகளிடம் கொடுத்தேன். டின்னுக்குள் குனிந்தவள் சட்டென்று முகத்தை இழுத்துக்கொண்டு கண்ணைக் கசக்கினாள். எனக்கும் கண் எரிந்தது. புகைதான்.

தீபாவளியன்று வெட்டியபோது அந்தக் கேக்கில் எல்லாமே எழுதியிருந்தது. அடியில் ஐந்து அடுக்கு சீராக, கம்பித் தீ. ஆறாவது வேகாமல் வெளுத்து, பிசினாக. ஏழு தொடங்கி ஒவ்வொன்றும் ஒரு விதம். ஒரு மூலை கருகல், ஒரு மூலை வெளுப்பு. பன்னிரண்டாவது முழுக்கக் கறுப்பு. அத்தை தணல் வாங்கப் போன இடத்தில் யாரிடமோ நின்று பேசிவிட்டார். படிப்பதற்குப் பாட்டி இல்லாமல் போனாரே என்றிருந்தது. ஆனால் மூக்கில் வைத்தபோது, மின்சார அடுப்பு வந்ததிலிருந்து எங்கள் வீட்டு லாப்பிஸில் காணாமல் போயிருந்த ஒரு வாசனை அதில் இருந்தது. காணாமல் போனது என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அம்மா இருந்தவரை, அடுத்த நாலு தீபாவளிக்கும், தொலைபேசியில் நான் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அத்தை தொடவில்லை. மறுநாள் சஷ்டி, மருதமலைக்குப் போய்வந்து காப்புக் கட்டவேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு போன என்னை மட்டும் கூப்பிட்டு, “ஒண்ணை எடுத்து வெய்யி. முடிச்சுட்டுப் பாக்கறேன்” என்றார். மைலோ டின் இல்லை. ஹார்லிக்ஸ் பாட்டிலில் வைத்து மேல்தட்டில் ஏற்றினேன்.

ஏழாம் நாள் காலையில் குளித்து, ஈரத்தலையில் துண்டோடு வந்து, அவரே பாட்டிலைத் திறந்தார். நான் அடுப்பைத் துடைக்கிற பாவனையில் நின்றேன். ஒரு மூலையைக் கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடி, கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.

“பல்பொடியாட்ட இருக்குது கண்ணு” என்றார். இன்னொரு மூலையைக் கிள்ளினார். “அடுத்த தடவை கிராம்பைக் கொறைச்சுப் போடு. ஜாதிக்கா இன்னுங் கொஞ்சம் தாங்கும்.” பேசிக்கொண்டே துண்டை முடித்து, தாளில் ஒட்டியிருந்த வெண்ணெயை விரலால் வழித்தார்.

ஒவ்வொரு வருஷமும், சஷ்டி முடிந்த மறுநாள், அதையே சொல்கிறார். நான் இன்னும் கிராம்பைக் குறைக்கவில்லை.